மலைச் சீஸுக்கு மஞ்சள் ஒயின்

ஒரு மரப்பலகையில் நான்கைந்து வகைச் சீஸ், பக்கத்தில் சிவப்பு ஒயின் நிறைந்த கண்ணாடிக் கோப்பை. நட்சத்திர விடுதி விளம்பரமானாலும் ஹாலிவுட் விருந்துக் காட்சியானாலும் இந்தப் படம் மாறுவதே இல்லை. கண்ணுக்கு இதைவிட எடுப்பான ஜோடி கிடையாது. நாக்கைக் கேட்டால் வேறு தீர்ப்புச் சொல்லும். உலகமே கொண்டாடும் இந்த ஜோடியில் யாராவது ஒருவர் தோற்றுத்தான் போகிறார். தோற்பவர் அநேகமாக ஒயின்.

ஒயின் வியாபாரிகளுக்கு இது எப்போதோ தெரியும். “ஆப்பிளோடு வாங்கு, சீஸோடு விற்றுவிடு” என்பது ஐரோப்பிய வணிகர்களின் பழைய தொழில் பாடம். ஆப்பிளைக் கடித்துவிட்டு ஒயினைச் சுவைத்தால் அதன் குறையெல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் வாங்கப் போகும்போது ஆப்பிள். விற்கும்போது வாடிக்கையாளர் கையில் ஒரு துண்டு சீஸைக் கொடுத்துவிட வேண்டும். அதன் கொழுப்பு நாக்கில் படிந்துகொள்ள, சுமாரான ஒயினும் சாதுவாகத் தொண்டையில் இறங்கும்.

இந்த வியாபாரத் தந்திரத்தை 2006-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வகத்துக்கே கொண்டுபோனார்கள். ஹில்டகார்ட் ஹைமனும் பெரனீஸ் மத்ரிகல் கலனும் 8 சிவப்பு ஒயின்களையும் 8 சீஸ்களையும் எடுத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற சுவைஞர்களிடம் முதலில் ஒயினைத் தனியாகவும் பிறகு சீஸோடும் கொடுத்தார்கள். சீஸுக்குப் பிறகு ஒயினின் துவர்ப்பு குறைந்தது. பழ வாசனை குறைந்தது. ஓக் மரப் பீப்பாயின் வாசனையும் குறைந்தது. கூடியது ஒன்றே ஒன்று, வெண்ணெய் வாசனை. ஒயின் தயாரித்தவர் பல வருடம் பாடுபட்டுச் சேர்த்ததை எல்லாம் ஒரு துண்டு சீஸ் போர்வை போட்டு மூடிவிடுகிறது என்று அர்த்தம்.

பத்து வருடம் கழித்து, 2016-ல், பிரான்சின் திஜோன் நகர ஆய்வாளர்கள் இதே கேள்வியை வேறு கோணத்தில் கேட்டார்கள். நான்கு ஒயின், நான்கு சீஸ். சுவைப்பவர்கள் நிபுணர்கள் அல்ல, வழக்கமாக வீட்டில் சீஸும் ஒயினும் எடுத்துக்கொள்ளும் சாதாரண மக்கள். இவர்களிடமும் சிவப்பு ஒயினின் துவர்ப்பு குறைந்தது. ஆனால் பழ வாசனை நீடித்தது, சீஸோடு குடித்த எந்த ஒயினையும் யாரும் முன்பைவிடக் குறைவாக ரசிக்கவில்லை. பழ வாசனை விஷயத்தில் இரண்டு ஆய்வும் வேறு வேறு சொல்கின்றன, துவர்ப்பு குறைகிறது என்பதில் மட்டும் ஒன்றுபடுகின்றன. அந்த ஒரு இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டேனின் என்ற பொருள் உண்டு. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் அது ஒயினில் இறங்குகிறது. நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதே வேலையை இதுவும் செய்கிறது: எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டு வாயை வறளவைக்கிறது. சீஸ் வந்ததும் டேனினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைக்கிறது, கூடவே கொழுப்பும் வந்து நாக்கைப் பூசிவிடுகிறது. எச்சில் தப்பிக்கிறது. முரட்டு இளம் ஒயினுக்கு இது நல்ல காலம். பக்குவமான பெரிய ஒயினுக்கோ துவர்ப்புதான் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கமம்பேர் போன்ற வெண்தோல் சீஸ் சேர்ந்தால் இன்னும் மோசம். தோலின் கசப்பும் டேனினும் மோதி, வாயில் இரும்பு நாணயத்தை வைத்தது போல ஒரு சுவை நிற்கும்.

சிவப்பு ஒயினை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுட்ட ஆட்டிறைச்சிக்கு அதுபோலத் துணை இல்லை. சீஸுக்கு அது சரியான துணையல்ல என்பது மட்டுமே என் வாதம். இருவரும் தோற்காத ஜோடி வேண்டுமென்றால் பிரான்சின் கிழக்கெல்லைக்கு, சுவிட்சர்லாந்தை ஒட்டிக் கிடக்கும் ஜுரா மலைக்குப் போக வேண்டும்.

நானூறு லிட்டர் பால்

ஜுராவில் பனிக்காலம் நீளம். கோடையில் கிடைக்கும் பாலைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க அந்த மக்கள் கண்ட வழி, பெரிய வட்டச் சீஸ். பெயர் கோந்தே. ஒரு வட்டம் சுமார் 40 கிலோ, அதற்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். நாலைந்து மாடு வைத்திருக்கும் குடியானவர் ஒரே நாளில் 400 லிட்டருக்கு எங்கே போவார்? ஊரே பாலைக் கொண்டுவந்து ஒரே கொப்பரையில் ஊற்றியது. ஃப்ருயித்தியேர் என்று பெயர்கொண்ட இந்தக் கூட்டுப் பால்கூடங்களின் வரலாறு 13-ம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகிறது. கூட்டுறவுச் சட்டம், சங்கம் எதுவும் பிறக்காத காலத்தில், ஒருவர் பாலில் தண்ணீர் கலந்தால் ஊர்ச் சொத்தே கெடும் என்ற பயத்தில் வளர்ந்த நேர்மை அது. இன்றும் கோந்தே பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது.

1958-ல் பிரெஞ்சு அரசு இந்தப் பெயருக்குக் காப்பு கொடுத்தது. விதிகள் கடுமையானவை. மோன்பெலியார், பிரெஞ்சு சிமெந்தால் என்ற இரண்டு இன மாடுகளின் பால் மட்டுமே செல்லும். புளிக்க வைத்த தீவனம் கூடாது, கோடையில் பச்சைப் புல், குளிர்காலத்தில் உலர்த்திய புல். ஒவ்வொரு மாட்டுக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும். கோடைப் பாலில் செய்த வட்டம் மஞ்சளாகவும் குளிர்காலத்தது வெளிறியும் இருக்கும். புல்லில் உள்ள கரோட்டின் செய்யும் வேலை இது, யாரும் சாயம் சேர்ப்பதில்லை.

பால் பச்சையாகவே இருக்க வேண்டும், கிருமி நீக்கச் சூடாக்கக் கூடாது என்பதும் விதி. பாலைச் சூடாக்கிக் காக்கும் முறைக்குத் தன் பெயரையே கொடுத்த லூயி பாஸ்டர் பிறந்தது இதே ஜுராவின் தோல் என்ற ஊரில், 1822-ல். வளர்ந்தது பக்கத்து அர்புவாவில். அவர் மண்ணின் பெருமைமிக்க சீஸ் அவர் முறையை ஏற்பதில்லை. காரணம் எளிது. புல்வெளிக்குப் புல்வெளி மாறுபடும் நுண்ணுயிர்கள் பாலில் உயிரோடு இருந்தால்தான் ஒரு ஊர் கோந்தேயும் அடுத்த ஊர் கோந்தேயும் வேறு வேறாக மணக்கும். சூடாக்கினால் எல்லா ஊரும் ஒரே ஊர்.

செய்து முடித்த வட்டங்கள் ஊசியிலை மரப் பலகைகளில் அடுக்கப்பட்டு, உப்புநீரால் தேய்க்கப்பட்டு, திருப்பப்பட்டுக் காத்திருக்கின்றன. குறைந்தது நான்கு மாதம் என்பது சட்டம். நல்லவை 18 மாதம், 24 மாதம், சில அதற்கும் மேல். 1870 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு பிரான்ஸ் எல்லை நெடுகக் கோட்டைகள் கட்டியது. அவற்றில் சாந்த் அந்துவான் கோட்டையும் ஒன்று, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில். போர் அங்கே வரவில்லை, 1966-ல் சீஸ் வந்தது. மார்செல் பெத்தி என்ற சீஸ் வணிகர் கோட்டையின் குளிர்ந்த கல் அறைகளில் கோந்தேயை மெதுவாகப் பழுக்கவைக்கத் தொடங்கினார். பீரங்கிக்காகக் கட்டிய சுவர்களுக்குள் இன்று பல்லாயிரம் வட்டங்கள் வரிசையாக உறங்குகின்றன. பழுக்கவைப்பவர் ஒரு சிறு சுத்தியலால் வட்டத்தைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். விற்பனைக்கு முன் ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மதிப்பெண். பன்னிரண்டுக்குக் கீழே போனால் கோந்தே என்ற பெயரே கிடையாது.

வயதான கோந்தேயைக் கடிக்கும்போது பற்களில் நறநறவென்று படும் வெள்ளைத் துகள்களை உப்பு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். புரதம் சிதைந்து உருவாகும் அமினோ அமிலப் படிகங்கள் அவை. நல்ல முதிர்ச்சிக்கு அடையாளம்.

ஆறு வருடம் மூன்று மாதம்

சீஸ் இப்படி என்றால், அதே மலையடிவாரத்தில் விளையும் ஒயின் இன்னும் பிடிவாதமானது. சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையின் சாற்றை நொதிக்க வைத்துப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். பெரும்பாலான ஒயின் ஊர்களில், பீப்பாயில் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், காற்று பட்டால் ஒயின் கெடும் என்று. ஜுராவில் வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார்கள். பீப்பாயில் வெற்றிடம் உண்டாகி, ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்கிறது. அந்த ஆடை காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஆக்சிஜனை உள்ளே விடுகிறது. ஸ்பெயினின் ஷெர்ரியில் ஒரு வகையும் இப்படி ஆடைக்கடியில்தான் வளர்கிறது, ஆனால் அதில் கூடுதல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். ஜுராவில் எதுவும் சேர்ப்பதில்லை.

அறுவடையிலிருந்து ஆறு வருடம் மூன்று மாதம் இப்படிக் காத்திருக்க வேண்டும். சில பீப்பாய்கள் ஈஸ்ட் ஆடை அறுந்து புளித்துப் போகும், அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். தேறி வருவது தங்க நிறத்தில் வேன் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். ஒரு லிட்டர் வைத்தால் காலம் குடித்தது போக 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது கணக்கு, அதனால் பாட்டிலும் 62 சென்டிலிட்டர். கிளாவ்லேன் என்ற அந்தக் குட்டைக் கழுத்துப் பாட்டிலை வேறு ஒயினுக்குப் பயன்படுத்துவதில்லை.

இதில் உயர்ந்தது குன்றின் மேல் இருக்கும் ஷாத்தோ ஷாலோன் கிராமத்தினுடையது. 1936-ல் பெயர்க் காப்பு பெற்றது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்த் திராட்சையைச் சோதிக்கும். தரமில்லை என்றால் அந்த வருடம் அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வராது. 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு வருடங்களில் ஊரே கூடி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிய இந்த ஊர்க்காரர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. வேன் ஜோன் நீடூழி வாழ்வது. 1774-ல் விளைந்த ஒரு பாட்டில் 2018-ல் லோன் லெ சோனியே நகரில் ஏலம் போனது, 1,03,700 யூரோவுக்கு.

அந்த ஒயின் வாசனைக்கு நமக்கு அறிமுகம் தேவையே இல்லை. பிரெஞ்சு சுவைஞர்கள் அக்ரூட், காய்ந்த பழம் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் கறிப்பொடி என்று எழுதுகிறார்கள். கற்பனை இல்லை அது. ஈஸ்ட் ஆடைக்கடியில் வருடக்கணக்கில் சோட்டோலோன் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயத்துக்கு வாசனை கொடுப்பதும் அதே சோட்டோலோன்தான். வெந்தயம் தாராளமாகச் சாப்பிட்ட மறுநாள் வியர்வையில் ஒரு வாடை வருமே, அதற்கும் காரணம் இதுவே. ஒரு லிட்டரில் மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

பாஸ்டர் இங்கும் வருகிறார். பிரெஞ்சு ஒயின் கெட்டுப்போய் ஏற்றுமதி தடுமாறியதால், காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி 1863-ல் மூன்றாம் நெப்போலியன் அவரைக் கேட்டார். அவர் நேராகத் தான் வளர்ந்த அர்புவாவுக்குப் போய், நண்பர்களின் நிலவறைகளில் இருந்த ஒயினை நுண்ணோக்கியில் வைத்தார். 1866-ல் ஒயின் பற்றிய அவருடைய நூல் வந்தது. ஒயினைக் கெடுப்பதும் உயிர், ஒயினை ஆக்குவதும் உயிர் என்பது அந்த நிலவறைகளில் உறுதிப்பட்டது.

இனி இரண்டையும் சேர்த்து வாயில் போடலாம். 18 மாதம் தாண்டிய கோந்தே ஒரு துண்டு. நிலவறைக் குளிர்ச்சியில், சில மணி நேரம் முன்பே திறந்துவைத்த வேன் ஜோன் ஒரு மிடறு. வேன் ஜோனில் டேனின் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே சண்டை தொடங்கவே இடமில்லை. கூர்மையான புளிப்பு உண்டு, அது சீஸின் கொழுப்பை அறுத்துக்கொண்டு போய் நாக்கைத் துடைத்துவிடுகிறது. சீஸின் உப்பு ஒயினின் முரட்டு வறட்சியைத் தணிக்கிறது. இரண்டிலும் இருக்கும் கொட்டைப் பருப்பு வாசனை ஒன்றை ஒன்று தூக்குகிறது. விழுங்கிய பிறகும் அந்த வாசனை வெகு நேரம் நிற்கிறது, எது சீஸ், எது ஒயின் என்று பிரித்துச் சொல்ல முடியாமல். டேவிஸ் ஆய்வில் சிவப்பு ஒயின்களை மூடிய போர்வை இந்த ஒயினை மூடுவதில்லை. ஆறு வருடம் காற்றோடு போராடி வந்ததைச் சீஸ் என்ன செய்துவிடும்?

இரண்டு பூஞ்சைகள்

ஒரே மண்ணில் விளைந்தவை ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று ஐரோப்பிய உணவு எழுத்தாளர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். ஜுரா அதற்குச் சாட்சி. லுவார் நதிப் பக்கம் சான்சேரும் சாட்சிதான்: அங்கே ஷவிஞோல் என்ற சிற்றூரில் ஆட்டுப்பால் சீஸும் சோவிஞோன் வெள்ளை ஒயினும் ஒரே சுண்ணாம்புச் சரிவில் பிறக்கின்றன, ஆட்டுப்பாலின் புளிப்பும் ஒயினின் புளிப்பும் அளவெடுத்தது போல ஒத்துப்போகின்றன. ஆனால் இதை விதியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பர்கண்டியில் எப்புவாஸ் என்ற சீஸ் இருக்கிறது. திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் கழுவிக் கழுவிப் பழுக்கவைப்பது, அறை முழுக்க மணக்கும். அதே மண்ணின் மென்மையான சிவப்பு ஒயினை அதன் பக்கத்தில் வைத்தால் ஒயின் இருக்கும் இடமே தெரியாது.

மறுபக்கம், மண் ஒட்டாத இரண்டு ஊர்கள் அற்புதமாகப் பொருந்துகின்றன. ரோக்ஃபோர் தெற்கு பிரான்சின் அவேரோன் பகுதியில். லக்கோன் இனச் செம்மறியாட்டின் பாலில் செய்து, கோம்பலு மலையின் சரிந்த பாறைகளுக்கு நடுவே உள்ள குகைகளில் பழுக்கவைக்கும் நீலப் பூஞ்சைச் சீஸ். பாறைப் பிளவுகள் வழியே ஈரக் காற்று குகைகளுக்குள் எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கும், பூஞ்சை அந்தக் காற்றில் செழிக்கும். 1925-ல் தனிச் சட்டம் போட்டு பிரான்ஸ் காத்த முதல் சீஸ் இது. இனிப்பு ஒயினின் ஊரான சோத்தேர்ன் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், போர்டோவுக்குத் தெற்கே. சிரோன் ஓடையின் குளிர்ந்த நீர் கரோன் நதியில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சையைத் தாக்கித் தோலைத் துளைக்கிறது. மதிய வெயிலில் நீர் வற்றி, பழம் சுருங்கி, இனிப்பு திரண்டுவிடுகிறது. அழுகிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்க, ஒரே தோட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். போர்டோ ஒயின்களின் 1855 தரவரிசையில் தனி உச்சத்தில் வைக்கப்பட்ட ஷாத்தோ திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் கிடைக்கும் என்பார்கள். 2012-ல் பழம் சரியில்லை என்று அங்கே தங்கள் பெயரில் ஒயினே வெளியிடவில்லை.

ஒன்றில் பூஞ்சை பாலை ஆள்கிறது, மற்றதில் பூஞ்சை பழத்தை. ரோக்ஃபோரின் உப்பும் காரமும் நாக்கைக் கிள்ளும்போது சோத்தேர்னின் தேன் இனிப்பு வந்து அணைக்கிறது. இனிப்பு திகட்டும் என்று நினைக்கும் நேரத்தில் உப்பு வந்து இழுத்துப் பிடிக்கிறது. இனிப்பு ஒயினைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இதை ஒருமுறை சுவைத்துவிட்டுப் பேசட்டும்.

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் மேசையில் ஸ்டில்டன் சீஸும் போர்ட் ஒயினும் சேர்ந்ததும் இதே உப்பு-இனிப்புக் கணக்கில்தான். அங்கே மண்ணுக்குப் பதில் வரி வேலை செய்தது: 1703-ல் போர்ச்சுகலோடு போட்ட மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுகல் ஒயினுக்கு வரிச் சலுகை கொடுக்க, பிரான்சோடு பகையாக இருந்த ஆங்கிலேயர்கள் போர்ட்டின் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்டில்டன் என்ற ஊர் வழிப்போக்கர் விடுதியில் விற்றுப் பெயர் பெற்ற சீஸ் அது. இன்றைய விதிப்படி டெர்பிஷையர், லெஸ்டர்ஷையர், நாட்டிங்ஹாம்ஷையர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் செய்யலாம். ஸ்டில்டன் ஊர் அந்த மூன்றிலும் இல்லை.

மேசையில் உட்காரும்போது

பாரிஸ், லண்டன், ஜெனீவா என்று தமிழர்கள் குடியேறிய ஊர்களில் அலுவலக விருந்தும் திருமண விருந்தும் சீஸ் பலகையோடு முடிவது சகஜம். அங்கே நடுங்கத் தேவையில்லை. புளிப்புள்ள வெள்ளை ஒயின் பலகையில் இருக்கும் முக்கால்வாசிச் சீஸோடு சமாதானமாக இருக்கும். நீலச் சீஸ் வந்தால் இனிப்பு ஒயின். ஆட்டுப்பால் சீஸுக்கு சான்சேர். கெட்டியான, முதிர்ந்த மலைச் சீஸுக்கு வேன் ஜோன். கையில் சிவப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், துவர்ப்பு குறைந்த சிவப்பாக எடுத்து, கெட்டிச் சீஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். குளிர்ந்த கொழுப்பு வாசனையை வெளியே விடாது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எந்த ஒயின் வாங்கியும் பயனில்லை.

அளவு பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆல்கஹாலில் உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. பொருத்தம் பார்க்க இரண்டு மிடறு போதும், அதற்கு மேல் போனால் நாக்கே சாட்சி சொல்லாது. வேன் ஜோன் பாட்டிலைத் திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும், ஒரே நாளில் தீர்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மது தொடாதவர்கள் கோந்தேயை விட்டுவிட வேண்டாம். 24 மாதம் முதிர்ந்த ஒரு துண்டையும் நான்கு அக்ரூட் பருப்பையும் தட்டில் வையுங்கள். ஒயின் இல்லாமலேயே நின்று காட்டும் சீஸ் அது.